அம்மாவைப் பார்த்துக்கொள்ள ரோபோவா?

உப்புவெளியான்: அம்மா திருகோணமலையில் தனிய இருக்கிறார். வேலைக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடு. கனடாவில் இருக்கும் தம்பி, நியோ என்ற மனித உருவ ரோபோவை வாங்குவோம் என்கிறான். 1எக்ஸ் நிறுவனம் 2025 ஒக்டோபரில் அறிவித்தது, விலை 20,000 டொலர். முதலில் அமெரிக்காவுக்குத்தான். இங்கே வந்தால் வாங்கலாமா?

வயர்மேன்: தாராளமாக வாங்குங்கள். நிலைப்படி, கதவுப்பிடி, குசினி அலுமாரி எல்லாம் மனிசரின் கைகால் அளவுக்குக் கட்டியவை. உருவத்தை அப்படிச் செய்வது அதற்காகத்தான், வடிவுக்காக அல்ல. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சென்சர் ஓயாமல் அளக்கும். பாரம் பாதத்துக்கு வெளியே போகப் பார்த்தால் கணுக்கால், இடுப்பு மோட்டர்கள் உடனே இழுத்துச் சரிசெய்யும், செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை. ஹொண்டாவின் அசிமோ ரோபோ 2000ஆம் ஆண்டிலேயே நடந்துவிட்டதே.

வார்ட்டுக்காரி: நடந்தது சரி. 2022இல் மேடையை விட்டு ஓய்வும் பெற்றுவிட்டது. கடைசிவரை விற்பனைக்கே வரவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். வயதானவர்களைப் பார்ப்பதில் உண்மையான வேலை தூக்குவதுதான். கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்றும்போது எங்கள் முழங்கால் அவருடைய முழங்காலை முட்டி நிற்க வேண்டும், ஒரு கை முதுகில் இருக்க வேண்டும். பாதியில் பயந்து காலை மடக்குவார், கழுத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்குவார். ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிறுவனம் 2015இல் இதற்கென்றே ரோபெயர் என்று ஒன்றைச் செய்து காட்டியது. அதன் எடை 140 கிலோ, அடியில் சில்லு. அப்படியிருந்தும் ஆளைத் தூக்கும்போது கவிழாமல் நிற்க அடிக்கால்களை வெளியே நீட்டும். நியோ வெறும் 30 கிலோ. உங்கள் அம்மா எத்தனை கிலோ, அண்ணை?

வயர்மேன்: 70 கிலோ தூக்கும் என்று கம்பனி சொல்கிறதே.

வார்ட்டுக்காரி: அரிசி மூட்டை கழுத்தைக் கட்டிப்பிடிக்காது, தம்பி.

வயர்மேன்: சரி, தூக்க வேண்டாம். உடுப்பு மடிக்கட்டும், கோப்பை கழுவட்டும், படலையில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லட்டும். அதுவே பாதி உதவி.

கொட்டியாரக்குடா: மடிக்கும், ஆனால் மடிப்பது யார்? தெரியாத வேலை வந்தால் கம்பனி ஆள் ஒருவர் தலையில் கருவி மாட்டி, ரோபோவின் கமரா வழியே உங்கள் வீட்டைப் பார்த்து, தன் கையை அசைத்துச் செய்விப்பார். நேரத்தை நாங்களே குறிக்கலாம், போகக்கூடாத இடத்தையும் சொல்லலாம் என்கிறார்கள். என்றாலும் அம்மா குளித்துவிட்டு வரும் நேரம் விறாந்தையில் முன்பின் தெரியாத ஒருவனின் கண் நிற்கும். எனக்கு அது சரிவராது. உப்புக்காற்றில் ஃபானே துருப்பிடிக்கிற ஊர் இது என்பது வேறு கதை.

மூதூர் பெண்: எனக்கு அந்த விசயம்தான் பிடித்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டு சவூதி, குவைத் என்று வீட்டு வேலைக்குப் போகிறார்கள்! அதே வேலையை மூதூரில் இருந்தபடியே கருவி மாட்டிச் செய்யலாமே. பாஸ்போர்ட்டைப் பறித்து வைக்க ஆளில்லை, அடியும் இல்லை. வேலை முடிந்தால் பிள்ளையோடு சோறு சாப்பிடலாம்.

வார்ட்டுக்காரி: இதை நான் யோசிக்கவில்லை. ஆனால் இங்கிருந்து போகும் அசைவு கொஞ்சம் பிந்தினாலும் அங்கே கோப்பை உடையும். நெட்வேர்க் அந்தளவுக்கு நன்றாக இருக்க வேண்டும்.

கொட்டியாரக்குடா: நெட்வேர்க்கை விடுங்கள், கூலியைக் கேளுங்கள். எந்த நாட்டில் மலிவோ அங்கே போய்விடும் இந்த வேலை. அதுவும் ரோபோ பழகும்வரைதான். நீங்கள் கையை அசைக்கும் ஒவ்வொரு தடவையும் அது பதிந்து வைத்துப் படிக்கிறது, தங்கச்சி. படித்து முடித்ததும் உங்களை எதற்கு வைத்திருக்கப் போகிறார்கள்?

மூதூர் பெண்: படிக்கட்டும், படிப்பித்ததற்குத் தனியாகக் காசு கேட்போம். இப்போது மட்டும் என்ன, ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த விமானத்தில் அனுப்பித்தானே விடுகிறார்கள்?