‘கிளையன்ட்’ என்பதற்கு ‘நாடுநர்’ சரிவருமா?

வணக்கம்.

பயிற்சி உடற்றொழிலியல் பயிலுநர்களுக்கான பாடக்குறிப்பில் ‘கிளையன்ட் சென்டர்ட் கெயார்’ (எங்களிடம் வரும் ஆளின் தேவையை நடுவில் வைத்துப் பராமரிப்பது) இன்னும் அப்படியே கிடக்கிறது. என் முன்மொழிவு: நாடுநர்மையப் பராமரிப்பு.

‘நோயாளர்’ பொருந்தாது. முழங்கால் தேய்ந்தவர், செயற்கைக்காலோடு சைக்கிள் ஓடப் பழகுபவர், சீனி வருத்தம் வரக்கூடாதென்று நடப்பவர் எல்லாரும் ஒரே பதிவேட்டில்தான் வருகிறார்கள். கடைசி ஆளுக்கு நோயே இல்லை. உளவளத்துணையில் அமெரிக்க உளவியலாளர் காரல் றொஜர்ஸ் 1940களிலேயே ‘நோயாளர்’ என்ற சொல்லை விட்டு ‘கிளையன்ட்’ என்று எழுதத் தொடங்கிவிட்டார். ‘பயனாளி’ என்று எழுதினால் வன்னியில் நிவாரணப் பட்டியலும் வீட்டுத்திட்டமும்தான் நினைவுக்கு வரும். பட்டியலில் பெயர் இருந்தால் கிடைக்கும், அவ்வளவுதான். வாடிக்கையாளர் கடைக்கு, கட்சிக்காரர் சட்டத்தரணிக்கு. உளவளத்துணையில் புழங்கும் ‘துணைநாடி’ நல்ல சொல்தான். ஆனால் எங்கள் தாளில் வரிக்கு வரி ‘நாடி 92’, ‘நாடி 110’ என்று கிடக்கும். அதற்குள் துணைநாடியின் நாடி வேறா?

பெறுநர், ஓட்டுநர் போல நாடு (தேடி வா) + நர். தயவுசெய்து ‘னர்’ போட வேண்டாம்.

---

அக்கா,

நாடுநர் ஓம். ‘மையம்’தான் இடிக்கிறது. இடைவெளி விட்டு அச்சானால் ஏதோ ஒரு மையத்தில் நடக்கும் பராமரிப்பு என்று வாசிப்பார்கள். அதைவிட, ‘ஆளை நடுவில் வைப்பது’ என்று பாடமாக்கிய பயிலுநர், அந்த ஆளைச் சுற்றி நின்று திட்டத்தைத் தானே போட்டுவிடுவார்.

முழங்கால் நோவோடு ஒரு அம்மா வருகிறார் என்று வையுங்கள். பயிலுநர் எழுதும் இலக்கு ‘தொடைத்தசை வலுவைக் கூட்டல்’. அம்மாவுக்கு வேண்டியது, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று மணலில் இருந்துவிட்டு ஆளின் கை பிடிக்காமல் எழும்புவது. ஆகவே முதல் கேள்வி ‘என்ன வருத்தம்?’ அல்ல, ‘இப்ப செய்யேலாமல் இருக்கிற எந்த வேலையைத் திரும்பச் செய்ய விருப்பம்?’ மூன்று வேலை சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை புள்ளியை அவரே போடட்டும். 30 விநாடியில் எத்தனை தரம் கதிரையால் எழும்புகிறார் என்று எண்ணுவது அதற்குப் பிறகு.

பயிற்சி: கதிரையில் இரண்டு தலையணை வைத்து, இருந்து எழும்புதல் 8–10 தரம், 2 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். நோ பத்துக்கு ஐந்தைத் தாண்டாமல், அடுத்த நாளைக்குள் அடங்கினால் ஒரு தலையணையை எடுக்கலாம். பிறகு வெறுங்கதிரை, பிறகு பலகைக்கட்டை, கடைசியில்தான் நிலம்.

பிழைப்பது இரண்டு இடத்தில். ‘விளங்கிச்சோ?’ என்றால் ‘ஓம் ஐயா’ என்பார். அந்த ஓம் மரியாதைக்கு. ‘வீட்டை போய் என்ன செய்வியள் எண்டு ஒருக்காச் செய்து காட்டுங்கோ’ என்று கேட்டால்தான் உண்மை தெரியும். மற்றது காலபோக அறுவடை. அந்தக் கிழமைகளில் ஒரு சுற்றே போதும் என்று முதலே பேசி எழுதாவிட்டால், விட்டுப்போன வெட்கத்தில் ஆள் திரும்ப வரமாட்டார். தாளில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று விழும். யார் ஒத்துழைக்காதது?

எனவே, ‘நாடுநர்வழிப் பராமரிப்பு’.

---

தம்பி,

‘வழி’ மிஞ்சிப் போகிறது. இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீற்றா தடுப்பு மருந்து எடுப்பவருக்கு, வேகமாக நடந்தாலும் நாடி அவ்வளவாக ஏறாது. அதைப் பார்த்து ‘இன்னும் வேகமா நடக்கலாம்’ என்று அவர் சொன்னால் விடமுடியுமா? எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று ஆளே புள்ளி சொல்லும் போர்க்கின் 6–20 அளவில் 12–13, கதைத்துக்கொண்டு நடக்க முடிய வேண்டும், அவ்வளவுதான். இன்சுலின் போடுபவருக்குத் தொடங்குமுன் இரத்தச் சீனி 90 mg/dLக்குக் கீழே நின்றால் முதலில் மாச்சத்துள்ள ஏதாவது சாப்பிட வேண்டும். நெஞ்சு நோவு வந்தால் உடனே நிறுத்தம். இலக்கு அவருடையது, எல்லை எங்கள் பொறுப்பு; இடையில் கிடப்பதெல்லாம் பேசித் தீர்ப்பது. ‘வழி’ என்றால் எல்லையையும் அவரிடம் கொடுத்த மாதிரி.

இடைவெளி பற்றிச் சொன்னது சரி. ‘நாடுநர்மைய’ என்று சேர்த்தே எழுதுவோம். பராமரிப்பு, லொறிக்கும் அதே சொல்தான், ஆனால் தாதியருக்குப் பழகிவிட்டது, இருக்கட்டும்.

மற்றது, பதிவுத்தாளின் முதற்கட்டத்தில் ‘நோயாளரின் முறைப்பாடு’ என்று இருப்பதை ‘நாடுநர் சொன்னது’ என்று மாற்றுவோம். அதில் இலக்கணம் திருத்தாமல், ‘மணலிலை இருந்து எழும்போணும்’ என்று அப்படியே எழுத வேண்டும்.