கூட்டுத் தியானத்தில் ஒன்றுசேர்வது இதயமா, மூச்சா?

காத்ர் போர்ன் அடியார்:
இங்கே மொரீஷியஸில், எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் 12 பேர் கூடித் தியானம் செய்கிறோம். சென்ற வாரம் எல்லோரும் மார்பில் துடிப்பை அளக்கும் பட்டை கட்டிக்கொண்டு அமர்ந்தோம். இருபதாவது நிமிடத்திற்குப் பின் துடிப்புக் கோடுகள் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கின. மனம் ஒன்றுபட்டால் இதயமும் ஒன்றுபடும் என்பதற்கு இதையே சான்றாகக் கொள்கிறேன்.

ரோஸ் ஹில் செவிலி:
ஐயா, கோடுகள் இணைந்ததை நான் மறுக்கவில்லை; நீங்கள் சொல்லும் காரணத்தையே மறுக்கிறேன். மூச்சை இழுக்கும்போது துடிப்பு விரைவதும், விடும்போது தணிவதும் உடலின் இயல்பு. வழிநடத்துபவர் 'இழுங்கள், விடுங்கள்' என்று குரல் கொடுத்து எல்லோரையும் நிமிடத்திற்கு 6 மூச்சுக்குக் கொண்டுவந்தால், அவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களாயினும் துடிப்பு 10 வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கத்தோலிக்கரின் ஜெபமாலையும் யோக மந்திரமும் மூச்சை ஏறக்குறைய இதே 6க்குத்தான் கொண்டுவந்தன. மேலும், 12 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 66 இணைகள் வரும். அவற்றில் சில தற்செயலாகவே பொருந்தித் தோன்றும்.

காத்ர் போர்ன் அடியார்:
அம்மா, மூச்சுதான் காரணமென்றால் தீமிதி ஆய்வுக்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்? ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிகே என்னும் ஊரில் நடந்து 2011இல் வெளிவந்த அந்த ஆய்வில், நம் தீவின் காவடியையும் ஆராய்ந்த டிமிட்ரிஸ் சிகலாடாஸ் பங்குகொண்டார். நெருப்பில் நடந்தவரின் துடிப்போடு, பார்த்து நின்ற உறவினர், நண்பர்களின் துடிப்பும் சேர்ந்து சென்றது. வேடிக்கை பார்க்க வந்த அயலாரின் துடிப்பு அப்படிச் செல்லவில்லை. பார்த்து நின்றவர்களுக்கு யாரும் மூச்சுக் கணக்குச் சொல்லவில்லையே! தைப்பூசத்தன்று கார் த கார்ட் மலையடிவாரத்தில், காவடி சுமந்து வரும் மகனைப் பார்த்து நிற்கும் தாயின் முகத்தைக் கண்டவர்களுக்கு இது புதுமையாக இராது.

போ பாசேன் ஆசிரியர்:
இடையில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். 2021இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், ஒரே கதையைத் தனித்தனியே கேட்டவர்களின் துடிப்பும் சேர்ந்தே மாறியது; கவனம் சிதறியபோது அந்த ஒற்றுமை குறைந்தது. ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை என்றால், மண்டபத்தில் கூடியதற்குத் தனிச் சிறப்பு என்ன என்பதையும் அடியார் விளக்க வேண்டும்.

ரோஸ் ஹில் செவிலி:
ஆசிரியர் ஐயா கேட்டதே என் கேள்வியும். அந்தத் தாய் தன் மகன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நிற்கிறார். அச்சமும் பதற்றமும் இருவரையும் ஒருசேர ஆட்டுகின்றன. கண்ணை மூடி அமைதியில் அமர்ந்தவர்களுக்கு அந்த விளக்கத்தை அப்படியே பொருத்த முடியாது. ஆகவே மார்புப் பட்டையோடு மூச்சை அளக்கும் பட்டையும் கட்டுங்கள். ஒரு வாரம் குரல் இல்லாமல் அமருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருவருடைய பதிவை, சென்ற ஞாயிற்றுக்கிழமை மற்றொருவருடைய பதிவோடு இணைத்துப் பாருங்கள். சேர்ந்து அமராத அந்த இணைகளும் அதே அளவு பொருந்தினால், நீங்கள் கண்டது குரலின் தாளம்தான்.

காத்ர் போர்ன் அடியார்:
குரலை நிறுத்துவதற்கும் பதிவுகளை மாற்றி இணைப்பதற்கும் நான் உடன்படுகிறேன்; சென்ற வாரமே அதைச் செய்யாதது என் பிழை. ஆனால் மூச்சு வழியாக வந்ததாலேயே அது வெறும் தாளம் என்று தள்ளுவதை ஏற்க மாட்டேன். 12 பேர் தம் அவசரத்தை விட்டு ஒருவரின் மூச்சுக்கு மற்றவர் இசைவது எளிதில் நடப்பதன்று. நாங்கள் கூடுவதே அதற்காகத்தான்.

ரோஸ் ஹில் செவிலி:
அப்படியானால் உங்கள் கூற்றை 'மூச்சு இசைந்தது' என்று திருத்தி எழுதுங்கள், ஐயா; அதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. எவ்வளவு பொருந்தினால் இசைவு என்று கொள்வீர்கள் என்பதை மட்டும் அடுத்த ஞாயிறு பட்டை கட்டுவதற்கு முன்பே இங்கே பதிந்துவிடுங்கள்.