புதுப்பிப்பு: வங்கியில் நின்ற வால்வு ஆவணங்கள்

காரைக்குடியிலிருந்து நாங்கள் அனுப்பிய வால்வுகளின் ஏற்றுமதி ஆவணங்களை வங்கி நிறுத்தி வைத்திருப்பதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன், நேற்று விடுவித்துவிட்டார்கள்.

நிறுத்தி வைத்ததற்குக் காரணம் வாங்குபவரின் பெயர் அல்ல. இன்வாய்ஸில் 'தொழிற்சாலை வால்வுகள்' என்று மட்டும் நாங்கள் எழுதிய ஒற்றை வரியைத்தான் மேலாளர் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார். வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறது. 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வால்வில் திரவம் படும் பரப்பு முழுவதும் 40 விழுக்காட்டுக்கு மேல் நிக்கல் கொண்ட கலப்புலோகமாக இருந்தால், இரசாயன ஆயுத உற்பத்திக்கும் அது பயன்படக்கூடும் என்பதால், அத்தகைய ஏற்றுமதிகளைக் கட்டுப்படுத்தும் நாடுகளின் கூட்டமைப்பான ஆஸ்திரேலியா குழுவின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அது இடம்பெறுகிறது. இந்த வேறுபாட்டை எச்.எஸ். எண் (சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண்) காட்டாது. எங்களுடையது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் நிக்கல் 10 முதல் 14 விழுக்காடுதான். உலோகச் சோதனைச் சான்றிதழையும் வாங்குபவரின் இறுதிப் பயன்பாட்டு உறுதிமொழியையும் கொடுத்த பிறகே கோப்பு நகர்ந்தது. வங்கி கேட்டது முற்றிலும் நியாயம் என்றே இப்போது கருதுகிறேன். அடுத்த இன்வாய்ஸில் உலோக ரகமும் அளவும் முதல் வரியிலேயே இருக்கும்.