முதுகெலும்பு டிபி: எம்.ஆர்.ஐ. பார்த்துப் பயம், பெட் ஸ்கேன் எடுக்கலாமா?

நெல்லை_முத்து:
அம்மாவுக்கு 58 வயது. டி11, டி12 எலும்புகளில் டிபி. ஊசி வழியாக எடுத்த திசுவில் உறுதியானது; ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்றும் வந்தது. 6 மாதமாக அரசு மாத்திரை. முன்பு கட்டிலில் புரண்டு படுக்கவே அலறுவார். இப்போது பெல்ட் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடை வரை நடக்கிறார், பசியும் எடுக்கிறது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவு 90லிருந்து 28க்கு இறங்கிவிட்டது. ஆனால் புது எம்.ஆர்.ஐ.யில் எலும்பில் நீர்க்கோர்வை, பக்கத்தில் சின்னச் சீழ்க்கட்டி இன்னும் இருக்கிறதாம். வீட்டில் ஒரே பதற்றம். சித்தப்பா பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். அது கேன்சருக்குத்தானே?

கதிர்_டெக்னீஷியன்:
தம்பி, நான் டாக்டர் இல்லை, பெட்-சிடி எடுக்கிற ஆள். கேன்சருக்கு மட்டும் என்றில்லை. ஃபுளோரின்-18 சேர்த்த குளுக்கோஸை நரம்பில் ஏற்றுவோம். அழற்சி இருக்கும் இடத்துச் செல்கள் அதை அள்ளிக்கொள்ளும், படத்தில் பளிச்சென்று தெரியும். மருந்து கேட்டால் அது மங்கும். எம்.ஆர்.ஐ.யில் அப்படி இல்லை. நோய் தணிந்த பிறகும் எலும்பில் நீர் வற்றப் பல மாதம் ஆகும். சிலருக்கு முதல் சில மாதம் ஆள் தேறத் தேறப் படம் மோசமாகக்கூடத் தெரியும்.

ஆனால் ஆரம்பத்தில் எடுத்த பெட் இருக்கிறதா? அது இல்லாமல் இப்போது எடுத்து, எஸ்.யு.வி. (அந்த இடம் குளுக்கோஸை எவ்வளவு அள்ளியது என்ற அளவு) 5 என்று வந்தால், 12லிருந்து இறங்கிய 5ஆ, 4லிருந்து ஏறிய 5ஆ என்று யார் சொல்வது? இவ்வளவு பணம் கட்டி வருகிறவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு மனசே வராது. ஒப்பிட வேண்டுமென்றால் அதே மெஷின், ஊசி போட்டபின் அதே காத்திருப்பு நேரம் இருந்தால்தான் நல்லது.

கோவை_வாசுகி:
எனக்குக் கீழ் முதுகில் எல்3, எல்4 எலும்புகளில் டிபி. கேன்சரோ என்ற சந்தேகத்தில் முதலிலேயே பெட் எடுத்தார்கள். முதுகு எம்.ஆர்.ஐ.யில் சிக்காத இன்னொரு இடம், இடுப்பெலும்பில், அதில்தான் தெரிந்தது. மருந்து முடியும் நேரத்தில் எம்.ஆர்.ஐ.யில் தழும்பு போல மாற்றம் மிச்சம் இருந்தது, பெட்டில் எதுவும் இல்லை. வலி, எடை, ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் நிறுத்தினார். எதாம்புடால் என்ற டிபி மாத்திரை கண் பார்வையைப் பாதிக்கலாம்; அதைச் சாப்பிடும்வரை அம்மாவுக்குச் சிவப்பு, பச்சை சரியாகத் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருங்கள் தம்பி.

நெல்லை_முத்து:
நன்றி அக்கா. அண்ணா, ஆரம்பத்தில் பெட் எடுக்கவில்லை. அம்மாவுக்குச் சுகரும் உண்டு.

கதிர்_டெக்னீஷியன்:
அப்படியென்றால் அவசரப்பட வேண்டாம். நடக்கிறார், பசிக்கிறது, ஈ.எஸ்.ஆர். இறங்குகிறது: நீ எழுதியதிலேயே இதுதான் பெரிய செய்தி. எலும்பு டிபிக்கு மருந்தே வழக்கமாக 12 மாதம், தேவைப்பட்டால் நீட்டுவார்கள். அதை நிறுத்தலாமா நீட்டலாமா என்று டாக்டருக்கே குழப்பம் வந்தால் அப்போது பெட் பற்றி அவரிடம் கேள். எடுப்பதானால் 6 மணி நேரம் வெறும் வயிறு, சுகர் 200க்குள் இருக்க வேண்டும். சுகர் மாத்திரை, இன்சுலின் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வை.

கால் மரத்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர் அடைத்தாலோ எந்த ஸ்கேனுக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.