ரப்பர்ப் பால் வண்டி: 4.00-8 டயர் ரிம்மில் ஏறவில்லை

கேள்வி (குலசேகரம்):
தோட்டத்துச் சரிவில் பால் கேன்களை இறக்க, இரும்புக் குழாயில் நானே ஒரு தள்ளுவண்டி செய்திருக்கிறேன். வீட்டில் பழைய ஸ்கூட்டர் ரிம் இரண்டு கிடந்தன. 4.00-8 டயர் வாங்கிவந்து, அரை நாள் நெம்பியும் ஏறவில்லை. எங்கே தவறு?

பதில் (நாகர்கோவில்):
அண்ணாச்சி, முதலில் நெம்புவதை நிறுத்துங்கள். 4.00 என்பது டயரின் அகலம், 8 என்பது ரிம்மின் விட்டம். இரண்டும் அங்குலக் கணக்கு. உங்கள் ரிம் 10 ஆக இருக்கும், பழைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் 3.50-10 தான். வெளி உதட்டை அளக்காதீர்கள்; டயரின் விளிம்பு போய் உட்காரும் இடத்தை அளக்க வேண்டும். அந்த விளிம்புக்குள் எஃகுக் கம்பி இருக்கிறது, அது நீளாது. நெம்பிய டயரில் கம்பி வளைந்திருந்தால் எறிந்துவிடுங்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே சொல்கிறேன்: ரிம் இரண்டு பாதியாக நட்டு போட்டுச் சேர்த்ததாக இருந்தால், வால்வு ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதும் இறங்கிய பிறகே நட்டைத் தொடுங்கள். காற்றோடு திறந்தால் பாதி ரிம் முகத்தில் பாயும்.

பதில் (குளச்சல்):
கடற்கரை மணலில் மீன் வண்டிக்கு நான் பழைய கார் டயர் போட்டேன், 145/70 ஆர்12. அகலம் 145 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம்மின் விட்டம் 12 அங்குலம். மொத்த உயரம் ஏறக்குறைய 508 மில்லிமீட்டர். காற்றைக் கொஞ்சம் குறைத்தால் மணலில் புதைவதில்லை.

கேட்டவர்:
அளந்துவிட்டேன், 10 அங்குலம்தான். டயரை மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.