வில்லியம்ஸ் கல்லூரியின் இலையுதிர்காலமும் கல்லில் கண்ட ஒரு பெயரும்

அன்பார்ந்த ஊரவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளைப் பற்றி அந்தந்தக் குடும்பத்தார் இங்கே எழுதினால், அடுத்து விண்ணப்பிக்கக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும் என்று செயலாளர் அண்ணர் சென்ற மாதம் கேட்டிருந்தார். எங்கள் சின்ன மகள் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் வடமேற்கு மூலையிலுள்ள வில்லியம்ஸ் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பெற்றோருக்கென ஒதுக்கப்பட்ட குடும்ப நாள்களுக்காக ஒக்ரோபர் கடைசியில் நானும் மனைவியும் நியூஜேர்சியிலிருந்து அங்கே போய் வந்தோம். விண்ணப்ப விவரங்களை மட்டும் எழுதி முடித்துவிடலாம் என்றே நினைத்திருந்தேன். போன இடத்தில் ஒரு கல்லில் கண்ட பெயர் யாழ்ப்பாணத்திலுள்ள நமது தெல்லிப்பழையோடு தொடர்புடையதாக இருந்தபடியால் மடல் சற்று நீண்டுவிட்டது; பொறுத்தருள வேண்டும்.

முதலில் கல்லூரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதன் பெயரைச் சொன்னால் நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை. மகளுக்கு இடம் கிடைத்த ஆண்டில் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்திலிருந்த உறவினர் ஒருவர், "ஹாவர்ட் கிடைக்கவில்லையாக்கும்" என்று மிகுந்த அனுதாபத்தோடு எனது கையைப் பிடித்தார். நான் பாயசத்தைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். 1793 இல் தொடங்கப்பட்ட இக்கல்லூரியில் இன்றும் ஏறத்தாழ 2,000 மாணவர்கள்தான் படிக்கிறார்கள். மருத்துவ பீடமோ சட்ட பீடமோ கிடையாது. கலை வரலாற்றிலும் அபிவிருத்திப் பொருளியலிலும் உள்ள சிறிய முதுநிலைப் படிப்புகளைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் இளநிலைப் படிப்பே. ஆகவே பேராசிரியர்கள் தமது நேரத்தை இந்தப் பிள்ளைகளுக்கே கொடுக்கிறார்கள்.

ஊரின் பெயர் வில்லியம்ஸ்ரவுண். பேர்க்ஷயர் மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணத்துக்குள் வைத்தாற்போல இருக்கிறது. வடக்கே சிறிது தூரம் போனால் வேர்மொன்ற் மாநிலம், மேற்கே போனால் நியூயோர்க் மாநிலம். நாங்கள் ரகோனிக் பார்க்வே வழியாகப் போனபோது மேப்பிள் மரங்களின் சிவப்பு முடிந்துவிட்டிருந்தது. ஒக்ரோபர் நடுப்பகுதிக்குள் போகிறவர்களுக்கே அந்தச் சிவப்பு வாய்க்கும். ஓக் மரங்களில் மட்டும் துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கிளார்க் கலைக்கூடத்துக்குப் பின்னாலுள்ள மேய்ச்சல் மேட்டில் மாடுகள் நின்றதைக் கண்ட மனைவிக்கு, ஓவியங்களைப் பார்க்க உள்ளே போகும் எண்ணமே இல்லாமற் போய்விட்டது.

இக்கல்லூரியின் இலையுதிர்காலத்தில் எல்லாரும் காத்திருப்பது மலை நாளுக்காகத்தான். ஒக்ரோபரின் முதல் மூன்று வெள்ளிக்கிழமைகளில் ஏதோ ஒன்று அந்த நாள். எது என்பதை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். காலநிலையைப் பார்த்துக் கல்லூரித் தலைவர் முடிவெடுப்பார். காலையில் மணிகள் விடாமல் ஒலித்தால் அன்று வகுப்பில்லை என்று பொருள். மகள் அன்று காலை தொலைபேசியில் அழைத்து, "அம்மா, மணி கேட்கிறதா?" என்று யன்னலைத் திறந்து பிடித்தாளாம். இவ்வளவு காசு கட்டிப் படிக்க அனுப்பிய பிள்ளை வகுப்பை விட்டு மலை ஏறுவதா என்று மனைவி முதலில் சினந்தார். பிள்ளைகள் நடந்தும் பேருந்திலும் கிரேலொக் மலைப் பக்கம் போய், ஸ்ரோனி லெட்ஜ் என்ற பாறை விளிம்பில் கூடுகிறார்கள். அங்கே பாட்டும், பிழிந்த அப்பிள் சாறும், அந்தச் சாற்றைக் கலந்து பொரித்த டோனற்றும் உண்டு. மகள் எங்களுக்கென்று ஊர்க் கடையொன்றில் அதை வாங்கி வைத்திருந்தாள். வெளியே சீனி மொறுமொறுப்பு, உள்ளே இளஞ்சூடு, கறுவா வாசம். பிட்டு வாயில் போட்டதும் மனைவி "எங்கட வாய்ப்பன்" என்றார். அத்தோடு மலை நாளின் மீதிருந்த கோபமும் தணிந்தது. கிரேலொக் ஏறத்தாழ 3,490 அடி உயரம். மசாசூசெற்ஸில் இதைவிட உயர்ந்த மலை இல்லை.

படிப்பைப் பற்றி ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். ரியூற்றோரியல் என்றொரு முறை இங்கே இருக்கிறது. பரீட்சைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் நம் நாட்டுத் தனியார் ரியூட்டரியுடன் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டும் நேர் எதிரானவை. ஒரு பேராசிரியர், இரண்டே இரண்டு மாணவர்கள். ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுதி வந்து வாசிக்க, மற்றவர் அதன் குறைநிறைகளை எடுத்துக் கூற வேண்டும். அடுத்த வாரம் இடம் மாறும். பேராசிரியர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார். பாடக்குறிப்பை மனனம் செய்து ஒப்பிக்கும் பிள்ளை இங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை. எங்கள் மகள் இந்தப் பருவத்தில் வரலாற்றுத் துறையில் இப்படி ஒரு வகுப்பை எடுத்திருக்கிறாள். அதற்காக எழுதிய கட்டுரைதான் எங்களை அந்தக் கல்லுக்கு அழைத்துச் சென்றது.

கல்லூரியின் வடபுறத்தில் மிஷன் பார்க் என்ற மாணவர் விடுதியும் உணவுச்சாலையும் உள்ளன. "மிஷனில் சாப்பிட்டேன்" என்று மகள் முதலாம் ஆண்டிலிருந்தே சொல்லிவந்தாள். நம் ஊரில் வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கோவில் மணியும் நினைவுக்கு வரும். அமெரிக்கப் பிள்ளைகளுக்கோ அது சோறு கிடைக்கும் இடம். அந்த விடுதிக்குப் பக்கத்திலுள்ள புல்வெளியில், மரங்களின் கீழ், ஆளுயரத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு உயரமான சலவைக்கல் தூண் ஒன்று நிற்கிறது. உச்சியில் ஒரு பூகோள உருண்டை. தூணின் முகத்தில் வைக்கோற்போர் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. அதோடு 'நிலம் உலகம்' என்ற மத்தேயு சுவிசேஷத்து வசனம், 1806 என்ற ஆண்டு, ஐந்து மாணவர்களின் பெயர்கள். அடியில் குவிந்திருந்த ஈர இலைகளைக் காலால் ஒதுக்கிவிட்டு மகள் ஒரு பெயரின் மீது விரலை வைத்தாள்: ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ். "அப்பா, இவர் எங்கட ஊரில்தான் செத்தவர்" என்றாள்.

நடந்தது இதுதான். 1806 ஓகஸ்ற் மாதத்தில் சாமுவேல் மில்ஸ் என்ற மாணவரும் தோழர் நால்வரும் செபம் செய்வதற்காக இந்தப் புல்வெளிக்கு வந்திருந்தபோது இடிமின்னலோடு மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் ஒரு வைக்கோற்போரின் மறைவில் ஒதுங்கினார்கள். வைக்கோற்போர் என்று நான் எழுதினாலும் அது நெல்வைக்கோல் அன்று. மாட்டுக்கென வெட்டிக் காயவைத்த புல்லின் குவியல். மழை விடும் வரை அங்கேயே ஆசிய நாடுகளுக்குச் சமயம் பரப்பப் போவது பற்றிப் பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து கிளம்பிய முயற்சியால் 1810 இல் அமெரிக்க மிஷன் சங்கம் உருவாயிற்று. அச்சங்கம் இலங்கைக்கு அனுப்பிய முதற் குழுவில் ரிச்சர்ட்ஸ் இருந்தார். 1815 ஒக்ரோபர் 23 ஆம் திகதி, இதே இலையுதிர்காலத்தில், நியூபெரிபோர்ட் துறைமுகத்திலிருந்து பாய்க்கப்பலில் புறப்பட்டவர்கள் 1816 மார்ச் 22 ஆம் திகதி கொழும்பில் இறங்கினார்கள். இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பனியார் மிஷனரிமாரை விரும்பாதிருந்த காலம் அது. இலங்கையின் ஆங்கிலேய ஆளுநர் இடம் கொடுத்தார். அவ்வாண்டிலேயே தெல்லிப்பழையிலும் மறு ஆண்டு வட்டுக்கோட்டையிலும் நிலையங்கள் அமைந்தன.

ரிச்சர்ட்ஸ் உடல்நலம் குன்றியவர். மருத்துவம் ஓரளவு படித்திருந்தும் தம்மை அவரால் குணப்படுத்த முடியவில்லை. 1818 இல் நோய் தீரும் என்ற நம்பிக்கையில் நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேறினார். உடன் போன வொறன் என்ற மிஷனரி அங்கேயே இறந்துவிட, இவர் மட்டும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தார். 1822 ஓகஸ்ற் 3 ஆம் திகதி தெல்லிப்பழை மிஷன் நிலையத்தில் உயிர் நீத்தார். அந்த மழையில் ஒதுங்கி அப்போது பதினாறு ஆண்டுகள்.

நான் சைவன்; மதம் மாற்ற வந்தவர்களைப் பற்றி எனக்கு வேறு கருத்துகளும் உண்டு, அதை இங்கே மறைக்கவில்லை. ஆனால் அவ்வாறு பார்த்தாலும் மகளின் கட்டுரையில் வந்த இரண்டாவது மனிதரை என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை. ஹென்றி ஹொய்சிங்ரன் 1828 இல் இதே வில்லியம்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பின்னர் அமெரிக்க மிஷனரிமார் நடத்திய உயர்கல்விக்கூடமான வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபராக இருந்தார். வானியலில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். தமிழைப் படித்து, சைவ சித்தாந்த நூல்களுக்குள்ளும் புகுந்து, மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1850களில் அது அமெரிக்காவில் அச்சேறியது. சைவத்தை மறுக்க வேண்டுமென்றால் முதலில் அதை அறிய வேண்டும் என்பது அவர் எண்ணமாக இருந்திருக்கலாம். எப்படியிருந்தாலும், சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களோடு மல்லுக்கட்டிய ஒருவர் இந்த மலைகளின் நடுவில் படித்தவர் என்பதை அறிந்தபோது, அங்கே குளிரில் நின்ற எனக்குச் சற்று உறவு உண்டானது போல் இருந்தது.

செமினரியின் முடிவும் சுவையானது. 1823 இல் தொடங்கி, தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் கற்பித்த அந்த இடத்தை 1855 இல் மிஷன் சங்கத்தாரே மூடினார்கள். செலவு செய்த அளவுக்குக் கிறிஸ்தவ ஊழியர்கள் கிடைக்கவில்லை. ஆங்கிலம் படித்த பிள்ளைகள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பது அவர்களின் குறை. நம் ஆட்களை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1857 இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அந்தச் செமினரியில் படித்தவர்களே. யாழ்ப்பாணக் கல்லூரி 1872 இல் எழுந்ததும் அந்த இடத்தில்தான்.

இனி மற்றச் செய்திகள். இம்மாதம் அம்ஹேர்ஸ்ற் கல்லூரியுடனான அமெரிக்கக் கால்பந்தாட்டம் நடக்கும். 1884 முதல் இரு கல்லூரிகளும் மோதிவருகின்றன. வில்லியம்ஸின் தலைவராயிருந்தவர் 1821 இல் மாணவர் சிலரோடு பிரிந்துபோய்த் தொடங்கியதே அம்ஹேர்ஸ்ற் என்பதால் இது பங்காளிச் சண்டை. விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்கும் வழக்கம் இரண்டு இடத்திலும் இல்லை. ஆட்டத்தின் விதிகள் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஊதா நிறச் சட்டைக்காரர் நம்மவர் என்பது மட்டும் தெரியும். தீபாவளிக்கு மகளும் தெற்காசியப் பிள்ளைகள் சிலரும் விடுதியில் தீ மூட்டத் தடையிருப்பதால் மின்கல விளக்குகளை வைத்துக் கொண்டாடினார்களாம். மனைவி கொண்டுபோன பயற்றம் பணியாரப் பெட்டி ஒரு பின்னேரத்துக்குள் காலியாகிவிட்டது.

காசு விடயம் பலர் கேட்பார்கள். ஓர் ஆண்டுக்கான மொத்தச் செலவு 80,000 டொலரைத் தாண்டும். அந்தத் தொகையைக் கண்டு விண்ணப்பிக்காமல் விட்டுவிட வேண்டாம். குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தேவையான உதவியை முழுமையாகக் கொடுக்கிறார்கள். 2022 முதல் அந்த உதவியில் கடன் இல்லை, வளாகத்தில் வேலை செய்து ஈடுகட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. எல்லாம் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத நன்கொடை. முற்கூட்டிய முடிவுக்கான விண்ணப்பம் நவம்பர் 15 ஆம் திகதிக்குள் போக வேண்டும். ஆனால் அந்த வழியில் இடம் கிடைத்தால் இங்கேயே சேர வேண்டும் என்பதால், மற்றக் கல்லூரிகளின் உதவித்தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் குடும்பங்கள் ஜனவரித் தொடக்கத்தில் முடியும் வழமையான சுற்றில் அனுப்புவதே நல்லது. எங்கள் மகளும் அப்படித்தான் செய்தாள். விண்ணப்பிக்கும் பிள்ளைகள் எவராவது அவளிடம் நேரடியாகப் பேச விரும்பினால் எனக்குத் தனிமடல் போடுங்கள். பரீட்சைக் காலமான டிசம்பர் இரண்டாம் வாரத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக ஊரிலிருக்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். தெல்லிப்பழை மிஷன் வளவிலுள்ள பழைய கல்லறைக் கற்களை, எழுத்துகள் தெளிவாகத் தெரியுமாறு, காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் படம் எடுத்து இங்கே அனுப்ப முடியுமா? கல்லைக் கழுவுவதானால் வெறும் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். சுண்ணாம்போ சோடாவோ போட்டுத் தேய்க்க வேண்டாம். மகள் தனது கட்டுரையின் அடுத்த பகுதியை டிசம்பர் முதல் வாரத்தில் வாசிக்க வேண்டும். அதற்குள் படங்கள் வந்தால், நான் எடுத்து வந்த வில்லியம்ஸ்ரவுண் கல்லின் படத்தோடு சேர்த்து வைத்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.