மறு: சவர் கேஸுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

விரிவுரையாளர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். இயற்கை எரிவாயுப் பொறியியல் முதுநிலை மாணவர்களுக்கு வாயுச் சுத்திகரிப்பு நடத்துகிறேன். பாதிப் பேர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர்கள். அவர்களுக்கென்று ஒரு கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல் இடிக்கிறது. கிணற்று வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு அளவுக்கு மேல் இருந்தால் அது சவர் கேஸ் (sour gas, சொல்லுக்குச் சொல் ‘புளித்த வாயு’). அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசலால் கழுவி அதை நீக்கிவிட்டால் ஸ்வீட் கேஸ். கழுவும் வேலை ஸ்வீட்னிங். ‘அமில வாயு’ என்று எழுதித் தப்பிக்க வழியில்லை. ஆசிட் கேஸுக்கு, அதாவது நீரில் கரைந்தால் அமிலமாகும் வாயுவுக்கு, அது வேண்டும். கார்பன் டை ஆக்சைடும் அமில வாயுதான், ஆனால் அது மட்டும் இருப்பதால் வாயு சவர் ஆகிவிடாது. தேர்வில் நான் முதலில் கேட்பதே இந்த வேறுபாட்டைத்தான்.

வளிதாசன் எழுதியது:

முதலில் ‘வாயு’வை விட்டொழியுங்கள். ‘விசும்பு தைவரு வளியும், வளித்தலைஇய தீயும்’ என்கிறது புறநானூற்றின் இரண்டாம் பாட்டு. வளியில் தீ பிறக்கும் என்று பாடிய மொழிக்கு எரிவளி என்று சொல்ல நா கூசுகிறதா? கரிகாலனை ‘வளி தொழில் ஆண்ட உரவோன் மருக’ (காற்றை வேலை வாங்கிய வலியவனின் வழித்தோன்றலே) என்று வாழ்த்தியவர் வெண்ணிக்குயத்தியார். அவருடைய வெண்ணி காவிரிப் படுகையில்தான் இருக்கிறது. எரிவளிக் கிணறுகளும் அந்தப் படுகையில்தான் இருக்கின்றன. உங்கள் மாணவருக்கு ‘வளிதொழிலர்’ என்றே பட்டம் கொடுக்கலாம்.

கேட்ட சொல்லுக்கு வருகிறேன். சவர் கேஸ் புளிவளி. ஸ்வீட் கேஸுக்குத் தீம் என்ற அடை இருக்கிறது: தீம்பால், தீங்கனி, தீந்தமிழ். தீம் + வளி = தீவளி. வகரம் வந்ததால் மகரம் கெட்டது. நன்னூல் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

குழாயடி எழுதியது:

நன்னூல் நானும் படித்திருக்கிறேன். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் வாயு ஆலையிலும் இருந்திருக்கிறேன். ‘தீவளி’ என்று ஒரு குழாயின் மேல் எழுதிப் பாருங்கள். தீ என்றால் நெருப்பு, தீ என்றால் தீமை, தீ என்றால் இனிமை. மூன்றாவது பொருள் எந்தத் தொழிலாளிக்கு நினைவுக்கு வரும்? கழுவிச் சுத்தமான வாயுவைக் கண்டு ஓடுவான். ‘புளி’ என்று எழுதிய குழாயடியில் போய்ச் சாவகாசமாக நிற்பான்.

நம் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போவது வளைகுடாவுக்கு. அபுதாபியின் ஷா எரிவாயு வயலில் வரும் வாயுவில் ஏறத்தாழ 23 விழுக்காடு ஹைட்ரஜன் சல்பைடு. காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு இருந்தாலே உயிருக்கு ஆபத்து என்று கணக்கு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே என்று நம்பியிருக்க முடியாது, செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர்கள் ‘விஷவாயு தாக்கிப் பலி’ என்று செய்தித்தாளில் வருகிறதே, பெரும்பாலும் இதே வாயுதான். மக்களிடம் இருக்கிற சொல் விஷவாயு. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்வாசி எழுதியது:

எங்கள் பாடநூல்களில் ஐதரசன் சல்பைட்டு, காபனீரொட்சைட்டு என்று எழுதி வளர்ந்தவன் நான். ‘வாயு’ எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. சவர் கேஸுக்குக் ‘கந்தக வாயு’ என்று வைத்தால் என்ன, ஐயா?

விரிவுரையாளர் எழுதியது:

கந்தக டை ஆக்சைடு என்று மாணவர் எடுத்துக்கொள்வார். சல்பைடைக் கந்தகமாக மாற்றும் கிளாஸ் முறை அடுத்த பாடம். அங்கே இரண்டு வாயுக்களும் ஒரே உலையில் வருகின்றன. விஷவாயு பொருத்தம்தான். ஆனால் கார்பன் மோனாக்சைடும் விஷவாயுதானே?

வேர்தேடி எழுதியது:

எல்லோரும் காலடியில் கிடப்பதை மிதித்துக்கொண்டு போகிறீர்கள். சவர்! சவர் நிலம், சவர்த் தண்ணீர் என்று நம் ஊரில் சொல்வதில்லையா? உவர் என்பதே சவர் ஆனது. மலையாளத்தில் சவர்ப்பு என்றால் துவர்ப்பு. நாவுக்கு ஒவ்வாத சுவை எல்லாவற்றுக்கும் பொதுவான வேர் இது. ஆங்கிலத்துச் சவரும் இங்கிருந்து கப்பலேறியதுதான் என்பது என் துணிபு. ‘சவர்வளி’ என்று எழுதுங்கள். தமிழாசிரியருக்கும் புரியும், ஆலையில் இருப்பவருக்கும் காதில் பழகிய ஒலி.

கறார் எழுதியது:

ஆங்கிலச் சொல் ஜெர்மானிய வழியில் வந்தது. ஜெர்மனில் இன்றும் ‘சௌவர்’. கப்பல் எதுவும் ஏறவில்லை. ஒலி ஒத்திருப்பது தற்செயல். ஆனால் தற்செயலை நாம் பயன்படுத்தக் கூடாது என்று எந்த இலக்கணமும் தடுக்கவில்லை. வேர்க்கதையை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

குழாயடி எழுதியது:

எனக்கு ஒப்புதல் இல்லை. சவர் என்றால் உப்பு. கிணற்றிலிருந்து வாயுவோடு உப்புநீரும் வருகிறது, அதைப் பிரிக்கத் தனிக் கலம் இருக்கிறது. ‘சவர்நீக்கம்’ என்று படிக்கும் மாணவர் அந்தக் கலத்தைத்தான் வரைவார். அமீன் கோபுரம் எங்கே, உப்புநீர்க் கலம் எங்கே!

இடையில் இன்னொன்று. கந்தகத்தை அரும்பாடுபட்டு நீக்கிய பிறகு, ஊருக்கு வழங்கும் முன் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தையே துளி கலக்கிறோம். கசிந்தால் மூக்குக்குத் தெரிய வேண்டும். 1937இல் டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் வாசனையில்லாத வாயு கசிந்து வெடித்து ஏறத்தாழ முந்நூறு பேர் இறந்த பிறகுதான் அங்கே இது சட்டமானது. இந்த வேலைக்குக் கையேட்டில் ‘மணமூட்டல்’ என்று இருக்கிறது. ஊதுபத்தியா கொளுத்துகிறோம்?

வளிதாசன் எழுதியது:

நாற்றமூட்டல் என்க. ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்’ என்றார் வள்ளுவர். நாற்றம் நறுமணத்துக்கும் உரிய சொல். இழிபொருள் பின்னால் ஏறியது.

கறார் எழுதியது:

ஏறியது இறங்கவில்லை, அதனால்தான் இங்கே அது சரியாகப் பொருந்துகிறது. இந்தக் குழுவில் நீங்களும் குழாயடியும் ஒத்துப்போகும் முதல் சொல்.

விரிவுரையாளர் எழுதியது:

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். குழுவில் மற்றவர்களையும் சேர்த்து எண்ணினால் ஆறு பேர் ‘சவர்’ பக்கம், அதில் நால்வர் ‘வாயு’வோடு. எனவே சவர் வாயு, சவர் நீக்கிய வாயு, சவர்நீக்கம். ‘மணமூட்டல்’ போய் ‘நாற்றமூட்டல்’ வருகிறது. உப்புநீர் பிரிக்கும் இடத்தில் ‘சவர்’ என்ற சொல்லே வராதபடி ‘உப்பு’ என்று மாற்றிவிட்டேன். முதல் பக்கத்தில் கட்டம் போட்டு, ‘சவர் வாயு விஷவாயு; மூக்கை நம்பாதீர்’ என்று அடர்த்தியான எழுத்தில் சேர்த்திருக்கிறேன்.

வளிதாசன் எழுதியது:

தமிழ் அடையும் வடமொழிப் பெயரும் கூடிய இந்தக் கலப்பை நான் ஏற்கவில்லை என்று பதிவு செய்க. ‘வளிமண்டலம்’ சொல்கிற பிள்ளைக்கு வளி புரியாதா?

கறார் எழுதியது:

மண்டலம் எந்த மொழி, ஐயா?

குழாயடி எழுதியது:

கட்டம் போதும் எனக்கு. ஆனால் அமீன் கோபுரப் படத்தின் கீழே ‘சவர்நீக்கம்’ என்றுதான் இருக்கப்போகிறது என்றால், அடுத்த பதிப்பில் மறுபடியும் எழுதுவேன்.